ஓவியத்தையே தொழிலா எடுக்க நினைக்கிற மலையகப் பிள்ளைங்களுக்காக

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்,

சித்திரப் போட்டியில பரிசு எடுத்த மலையகப் பிள்ளைங்கள வார இறுதிப் பக்கத்துல படத்தோட போடுறீங்க, அதுக்கு முதல்ல நன்றி சொல்லணும், அந்தப் பக்கத்த வெட்டி இஸ்தோப்பு (முன் திண்ணை) சுவர்ல ஒட்டி வச்சிருக்கிற வீடுகள நான் நேர்லயே பார்த்திருக்கேன். ஆனா பேட்டி முடியிற இடத்துல எப்பவும் ஒரே கேள்விதான் வருது, எதிர்கால இலட்சியம் என்னன்னு. பிள்ளையும் உலகப் புகழ் பெற்ற ஓவியரா வரணும்னு சொல்லுது. ஆசைப்படுறதுல தப்பே இல்ல. ஆனா அப்படி சொன்ன பிள்ளை மறுநாள் காலையில எழும்பி என்ன செய்யணும்? அதுக்கு அந்தப் பதில்ல ஒண்ணுமே இல்லையே. அதப் பத்தித்தான் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா வாசிச்சு முடிஞ்சா பிரசுரிங்க.

நான் தேயிலைத் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவ, இப்ப கொட்டகலைப் பக்கம் பிள்ளைங்களுக்கு சித்திர வகுப்பு எடுக்கிறேன், கோயில் வேலை முன்பள்ளி சுவர் வேலைன்னு ஓடருக்கும் வரையிறேன், சொந்தமாவும் வரையிறேன். என்கிட்ட படிக்க வர்ற பிள்ளைங்கள்ல ரெண்டு மூணு பேராவது இதையே தொழிலா செய்யணும்னு உண்மையாவே நினைக்கிறாங்க. அவங்களுக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றது ஒண்ணுதான், உன் கையில இருக்கிற விஷயத்த மட்டும் இலக்கா வை, அத உன் வீட்டு நிலைமைக்கு அளவெடுத்து வை, ஒரு கொப்பியில எழுதி வை. பரிசு கிடைக்கிறது நடுவர் கையில, படம் விக்கிறது வாங்குறவங்க கையில, புகழ் யார் கையிலன்னே தெரியாது. ஆனா இந்த மாசம் நாலு படம் முடிக்கிறதும், ஒரு பழைய லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலுக்குப் போய் உக்காந்து அதப் பார்த்து வரையிறதும், செலவ எழுதி வைக்கிறதும் நம்ம கையிலதான் இருக்கு.

வீட்டு நிலைமைன்னு ஏன் சொல்றேன்னா, ஓவியம் பழகுறது பத்தி யூடியூப்ல பார்க்கிறதெல்லாம் பெரிய கண்ணாடி ஜன்னல் வச்ச ஸ்டூடியோவுல எடுத்தது. நம்ம லயத்துக் காம்பரா, அதாவது அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி, சின்ன ஜன்னல் ஒண்ணு, அதுலயும் மழை நாள்ல பலகையப் போட்டு மூடிடுவாங்க, உள்ள விறகு அடுப்புப் புகை, தம்பி தங்கச்சி படிக்கிறதும் அங்கதான். அந்த இடத்துல நாலடி கென்வஸ்ல எண்ணெய் வர்ணம் போடுவேன்னு ஒரு பிள்ளை இலக்கு வச்சா ரெண்டாவது வாரமே மனசு உடைஞ்சு போயிரும். எண்ணெய் வர்ணம் தண்ணி வத்திக் காயிறது இல்ல, காத்துல இருக்கிற ஒட்சிசன் பட்டு மெதுவா இறுகுறது, நாள் கணக்குல ஆகும், தடிப்பாப் போட்டா வாரக் கணக்கு, அது வரைக்கும் ஈர கென்வஸ்ஸ எங்க வைக்கிறது? அதோட எண்ணெய் வர்ணத்த இளக்குற டர்பன்டைன் சீக்கிரம் தீப்பிடிக்கிற சாமான், அடுப்பு எரியிற காம்பராவுல அத திறந்து வைக்கவே கூடாது, இத பெரியவங்க கட்டாயம் கவனிக்கணும். அதனால ஆரம்பிக்கிறவங்க பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குல போர்ட்ல தண்ணியில கலக்குற அக்ரிலிக் வர்ணம் போடுங்கன்னுதான் நான் சொல்வேன். கட்டிலுக்கு அடியில வைக்கலாம், ஒரு கையில தூக்கிட்டு வெளிச்சத்துக்கு வெளிய வரலாம்.

அக்ரிலிக்லயும் எங்க ஊருக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. அது தண்ணி வத்துற நேரத்துல உள்ள இருக்கிற பிளாஸ்டிக் துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டித்தான் படலமா ஆகுது, ஏறத்தாழ 9 பாகை செல்சியஸுக்குக் கீழ குளிர் போனா அது சரியா ஒட்டாது, மேல காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் பிறகு வெடிக்கும், இல்லன்னா உதிரும். கொழும்புல இருக்கிறவங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, ஆனா நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்துல இருக்கு, ஜனவரி ராத்திரியில பனி விழுற இடம். அதனால மார்கழி தையில ராத்திரி உக்காந்து முடிச்சிருவோம்னு திட்டம் போடாதீங்க, பகல்ல போடுங்க, காயிற வரைக்கும் வீட்டுக்குள்ள சூடான பக்கம் வைங்க. ராத்திரி நேரத்த பென்சிலுக்கும் பேனா மைக்கும் ஒதுக்கலாம். ஜூன் ஜூலை மழை மாசங்கள்ல பூஞ்சணம் பிடிக்கிறதையும் கணக்குல எடுங்க, கென்வஸ்ஸ சுவரோட ஒட்டி வைக்காம காத்துப் போற மாதிரி ரெண்டு கட்டை வச்சு அது மேல நிறுத்துங்க. வருஷத் திட்டம் போடுறப்ப காலநிலையையும் சேர்த்துத்தான் போடணும், தோட்டத்துல கொழுந்து வேலைக்கு அப்படித்தானே திட்டம் போடுறாங்க.

அடுத்தது திறமை. நல்லா வரையப் பழகணும்னு எழுதி வச்சா அது எப்ப முடிஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. அதுக்குப் பதிலா, இந்த மாசம் பச்சையப் படிக்கப் போறேன்னு எழுதுங்க. தேயிலைய வரையச் சொன்னா பிள்ளைங்க டியூப்ல வர்ற பச்சைய அப்படியே பூசிருவாங்க, மலை முழுக்க ஒரே பச்சை. கொஞ்ச நேரம் நின்னு பாருங்க. தளிர் மஞ்சள் கலந்த வெளிறின பச்சை, வெயில் அதுக்குப் பின்னால இருந்து வந்தா அப்படியே விளக்கு மாதிரி எரியும், கீழ முத்தின இலை கறுப்புக்குப் பக்கமான பச்சை, வானத்தப் பார்த்துக் கிடக்கிற இலையோட முகம் மினுங்குற இடத்துல பச்சையே இல்ல, சாம்பல் நீலம்தான் இருக்கு. அல்ட்ராமெரின் நீலத்தோட யெலோ ஓகர்ங்கிற மண் மஞ்சள் சேர்த்தா மங்கின பழைய இலைப் பச்சை வரும், லெமன் மஞ்சள் சேர்த்தா தளிருக்குக் கிட்ட வரும், ரொம்பக் கத்துற பச்சைய ஒரு துளி பேர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு போட்டு அடக்கலாம். தூர மலைக்குப் போகப் போக நீலமும் வெள்ளையும் கூடணும், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் குறையணும், இந்த ரெண்ட மட்டும் செஞ்சாலே படத்துல மூடுபனி வந்து இறங்கிரும். நீலம், ரெண்டு மஞ்சள், சியன்னா, வெள்ளை, இந்த அஞ்சு டியூப்ப வச்சு ஒரு பக்கம் முழுக்க பச்சை கலந்து சின்னச் சின்னக் கட்டமா பூசி, பக்கத்துல எத எதோட கலந்தீங்கன்னு எழுதி வைங்க. அந்தப் பக்கம் நிறைஞ்சதும் அந்த இலக்கு முடிஞ்சுது, யாரும் வந்து சான்றிதழ் தரத் தேவையில்ல.

கையும் அப்படித்தான். கொழுந்து எடுக்கிற அம்மாமார் கைய நாம தினமும் பார்க்கிறோம், ஆனா வரையிறப்ப சினிமாக்காரி கை மாதிரி வழுவழுன்னு வரைஞ்சிடுறோம். எங்க அம்மா கையில பெருவிரலும் சுட்டுவிரலும் உள்பக்கம் கறை ஏறி பழுப்பாக் கிடக்கும், எத்தன சோப் போட்டாலும் போகாது, நகத்தோரம் பிளந்த கோட்டுலயும் அந்தக் கறை ஓடியிருக்கும், விரல் மொளி கொஞ்சம் வீங்கி நிக்கும். அந்தக் கைய ஒரு வாரம் உக்காந்து வரையிறதா இலக்கு வச்ச பிள்ளை, அதுக்குப் பிறகு எந்தக் கையையும் வரையும்.

கலர் வாங்குறதப் பத்தியும் சொல்லணும். 2022ல டொலர் 200 ரூபாயிலருந்து 360 தாண்டிப் போனப்ப வெளிநாட்டு டியூப் விலை எங்க போச்சுன்னு வாங்கினவங்களுக்குத் தெரியும். இப்பவும் பெட்டியில இருபத்து நாலு கலர் வர்ற மலிவு செட் ஒண்ணத்தான் பிள்ளைங்களுக்கு வாங்கிக் கொடுக்கிறோம், பழகுறதுக்கு அது போதும். ஆனா காசு வாங்கி விக்கிற படத்துக்கு வெளிச்சத்துல மங்காத கலர் வேணும், இல்லன்னா வாங்கினவங்க வீட்டு சுவர்ல அது சில வருஷத்துல வெளிறிப் போயிரும், உங்க பேரும் அதோட சேர்ந்துதான் போகும். டியூப்புக்குப் பின்னால சின்ன எழுத்துல நிறமியோட குறியீடு போட்டிருக்கும், அல்ட்ராமெரின்னா பி.பி. 29, டைட்டேனியம் வெள்ளைன்னா பி.டபிள்யூ. 6, அத வாசிக்கப் பழகுங்க. மாசம் ஒரு நல்ல டியூப்னு இலக்கு வச்சாலும் அரை வருஷத்துல ஒரு தொழில்காரரோட பெட்டி கையில இருக்கும்.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற விஷயத்துக்கு வர்றேன், எத வரையிறதுங்கிறது. சுற்றுலாக்காரங்க வர்ற எல்லங்கிற ஊர்ப் பக்கம் போனா கடைக்குக் கடை ஒன்பது வளைவு ரயில் பாலமும் சிரிச்ச முகத்தோட கூடை சுமக்கிற பெண்ணும்தான் தொங்குது, அத வாங்க ஆள் இருக்கு, வயித்துப்பாட்டுக்கு அத வரையிற தம்பிமார நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது ஓடர் வேலை, அத ஓடர் வேலையாவே கொப்பியில எழுதுங்க. பக்கத்துல வேற ஒரு பக்கம் திறந்து, இந்த வருஷம் எனக்காக வரையப் போற ஒரே ஒரு விஷயம் இதுன்னு எழுதுங்க. ஒரே விஷயம், ஒரே அளவு, பத்துப் பன்னிரண்டு படம். லயத்துக் கதவுகள வரையலாம், ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு கலர், கீழ மழையில உளுத்த பலகை, மேல போன வருஷத்துப் பொங்கல் மாவிலை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துல தராசப் பார்த்துக்கிட்டு நிக்கிற முகங்கள வரையலாம். ரதி மன்மதன் கதைய ஆடுற காமன் கூத்து ராத்திரியில தீவட்டி வெளிச்சத்துல ரதி மதன வரையலாம். இதையெல்லாம் நம்மளவிட யாருக்கு நல்லாத் தெரியும்? தனித்தனியா ஒரு பூ, ஒரு சாமி, ஒரு நடிகர்னு பத்துப் படம் கொண்டு போறவங்கள விட ஒரே விஷயத்துல பத்துப் படம் கொண்டு போறவங்களத்தான் படத்த காட்சிக்கு வச்சு விக்கிற கெலரிக்காரங்க நின்னு பார்ப்பாங்க, ஏன்னா இவங்க எதப் பத்தி யோசிக்கிறாங்கன்னு அதுலதான் தெரியும். ஹட்டன்ல பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல படிச்ச ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் தேயிலைப் பையையுமே தன்னோட ஊடகமா எடுத்து நம்ம சனத்தோட வாழ்க்கையப் பேசுறாங்க. அவங்கள மாதிரியே செய்யணும்னு நான் சொல்லல, நம்ம வீட்டுல கிடக்கிற பொருளே ஓவியத்துக்குப் போதும்ங்கிறதுக்கு அவங்க ஒரு சாட்சி.

பெத்தவங்க பயப்படுறது நியாயம். தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1,350 ரூபான்னு வர்றதுக்கே 2024 வரைக்கும் ஆச்சு, அந்தக் காசுல பிள்ளைக்கு பிரஷ் வாங்கிக் கொடுக்கிறவங்க அவங்க. போன வருஷம் ஒரு அம்மா வகுப்புக்கு வந்து, டீச்சர், இவனுக்கு இதுல சோறு கிடைக்குமா, மறைக்காம சொல்லுங்கன்னு கேட்டாங்க. நான் சொன்னது, அம்மா, உடனே கிடைக்காது, ஆனா ரெண்டு வருஷத்துக்கு இவன் வரவு செலவு எழுதட்டும், அதுக்குப் பிறகு அந்தக் கொப்பியப் பார்த்து நீங்களே முடிவு பண்ணலாம். அந்தப் பையன் இப்ப எழுதுறான். போர்ட் இவ்வளவு, கலர் இவ்வளவு, பிரேம் இவ்வளவு, பஸ் காசு இவ்வளவு, வேலை செஞ்ச மணித்தியாலம் இவ்வளவுன்னு. வரவுப் பக்கத்துல பிறந்தநாள் படம், முன்பள்ளி சுவர், கும்பாபிஷேகத்துக்கு முன்னால கோயில்ல வர்ணம் பூசின நாள்கூலி. அதப் பார்த்தா எது காசு கொண்டு வருது, எது நேரத்த மட்டும் தின்னுதுன்னு கண்ணுக்கு முன்னால தெரியும். முந்தி போர்ட் எழுதுற வேலை ஒண்ணு இருந்துச்சு, கடைப் பேர் எழுதியே குடும்பம் நடத்தினவங்க இருந்தாங்க, டிஜிட்டல் பெனர் வந்த பிறகு அது அனேகமா இல்லாமப் போச்சு. அதனால ஒரே வரவ நம்பி இலக்கு வைக்காதீங்க.

விலை சொல்ற விஷயத்துல நம்ம பிள்ளைங்க ரொம்பக் கூச்சப்படுறாங்க. தெரிஞ்சவங்க கேட்டா சும்மா கொடுக்கிறது, வெள்ளைக்காரங்க கேட்டா வாய்க்கு வந்தத சொல்றது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி சதுர அங்குலத்துக்கு இவ்வளவுன்னு ஒரு விலை வைங்க, சாமான் செலவ மேல சேருங்க, எல்லாருக்கும் அதே விலைய சொல்லுங்க, வருஷத்துக்கு ஒருக்கா மட்டும் மாத்துங்க. கெலரி வழியா வித்தா பல இடத்துல மூணுல ஒரு பங்குலருந்து பாதி வரைக்கும் அவங்களுக்குப் போகும், அதையும் தெரிஞ்சுக்கிட்டு விலைய வைக்கணும்.

கொழும்புல கலா பொலங்கிற ஓவியச் சந்தை 1993லருந்து நடக்குது, தை மாசி வாக்குல ஒரு ஞாயித்துக்கிழமை கொழும்பு 7 ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில ரோட்டோரம் ஓவியர்களே தங்களோட படத்த வச்சுக்கிட்டு உக்காந்து விக்கிறாங்க. முதல் வருஷம் சும்மா போய்ப் பார்த்துட்டு வர்றதையே ஒரு இலக்கா வைக்கலாம், என்ன அளவுல கொண்டு வர்றாங்க, எப்படி பிரேம் பண்றாங்க, வாங்குறவங்ககிட்ட எப்படிப் பேசுறாங்கன்னு பார்த்து எழுதிட்டு வாங்க. விண்ணப்பிக்கிறதுக்கு நல்ல போட்டோ வேணும், அதுக்கு நம்ம ஊர் மாதிரி வசதி எங்கயும் கிடையாது, மூடுபனி நாள்ல வெளிய வச்சு எடுத்தா நிழலும் விழாது, மினுங்கலும் இருக்காது. ஃபோன படத்துக்கு நேரா நடுவுல பிடிங்க, பிளாஷ் போடாதீங்க. ஒவ்வொரு படம் முடிஞ்சதும் போட்டோ எடுத்து, பின்பக்கம் பேர், வருஷம், அளவு, என்ன கலர்னு எழுதிட்டுத்தான் அடுத்தத தொடணும். பஸ்ஸுல கொண்டு போறப்ப ரெண்டு கென்வஸ்ஸ முகத்துக்கு முகம் வச்சு, நாலு மூலைக்கும் கார்ட்போர்ட் மடிச்சுக் கொடுத்துக் கட்டி, கழுவிக் காயவச்ச உர பேக்ல போட்டுக்கிட்டீங்கன்னா கினிகத்தேனை வளைவுல எந்த மழை பெஞ்சாலும் பயமில்ல.

பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. வகுப்புல நல்லா வரையிறவங்கள்ல பாதிக்கு மேல அவங்கதான், ஆனா பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை முடிஞ்ச உடனே கொழும்புல கடை வேலை, இல்லன்னா கார்மென்ட், பிறகு கல்யாணம். வேலைக்குப் போனாலும் ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணித்தியாலம் எனக்குன்னு வீட்டுல முன்கூட்டியே பேசி வாங்கி வச்சுக்கோங்க, அந்த நேரத்துல என்ன செய்யப் போறீங்கன்னு சனிக்கிழமை ராத்திரியே முடிவு பண்ணிடுங்க. பெத்தவங்களே, அந்த ரெண்டு மணித்தியாலம் அவள தண்ணிக்கும் விறகுக்கும் அனுப்பாதீங்க, தம்பிய அனுப்புங்க. அதுக்கு அடுத்த ஏ.எல். உயர்தரத்துல சித்திரம் எடுக்க வழியிருந்தா எடுக்கட்டும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல இராமநாதன் பேருல இருக்கிற கலைப் பீடமும் மட்டக்களப்புல சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் தமிழ்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு இருக்கிற வழிகள். ஆசிரியர் இல்லாத பாடசாலையில படிக்கிற பிள்ளைக்கு இது கஷ்டம்தான், அதனாலதான் ஒன்பதாம் பத்தாம் வகுப்புலயே திட்டம் போடச் சொல்றேன்.

தனியாளா செய்ய முடியாதத கூட்டா செய்யலாம். 1943ல புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் கூட்டின 43 குரூப்ங்கிற ஓவியர் குழுவுல கண்டியில பிறந்த ஜோர்ஜ் கீற்றும் இருந்தார், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல எல்லாரும் இருந்தாங்க, பழைய கலைச் சங்கத்தோட பாணி வேணாம்னு பிரிஞ்சு வந்து தங்களுக்குன்னு கண்காட்சிகள தாங்களே வச்சாங்க. அவங்கள்ல பல பேருக்கு வசதி இருந்துச்சு, நமக்கு அது இல்ல, ஆனா நாலு பேர் சேர்ந்தா ஒரு மண்டபத்து வாடகைய பங்கு போடலாம். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைன்னு ஒவ்வொரு டவுன்லயும் கோயில் மண்டபமோ வாசிகசாலையோ இருக்கு. படம் பார்க்க நம்ம சனம் கொழும்புக்குப் போகாது, நாமதான் அவங்க இருக்கிற இடத்துக்குக் கொண்டு போகணும்.

ஐயா, உங்ககிட்ட கேக்குறது சின்ன விஷயங்கள்தான். மலையகத்தப் பத்திக் கட்டுரை போடுறப்ப பக்கத்துல ஒரு ஓவியம் போட்டீங்கன்னா கீழ வரைஞ்சவர் பேரையும் போடுங்க, அந்த ஒரு வரிய வெட்டி வச்சுத்தான் பிள்ளை நாளைக்கு விண்ணப்பத்தோட அனுப்பணும். கலா பொல மாதிரி கண்காட்சிகளுக்கு விண்ணப்பம் கேக்குறப்ப முடிவு திகதிக்கு ஒரு மாசம் முன்னாலயே தமிழ்ல ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டா பெரிய உதவி, இப்ப எங்க கைக்கு அந்தத் தகவல் வந்து சேர்றப்ப அனேகமா திகதி முடிஞ்சிருக்கும். ஒவ்வொரு மாசமும் ஒரு ஓவியரோட ஒரு தொடர்லருந்து ரெண்டு படமாவது கலர்ல போட இடம் கொடுத்தீங்கன்னா, எங்க பக்கத்துப் பிள்ளைங்களோட வேலைய போட்டோ எடுத்து, அளவு விவரத்தோட அனுப்பி வைக்கிற பொறுப்ப நான் எடுத்துக்கிறேன்.

இப்படிக்கு,
சித்திர வகுப்பு நடத்தும் ஒரு வாசகி,
கொட்டகலை.